வாழையடி எர்த்தும் ராப் பத்தரை மணிச் சலுகையும்

மின்சாரக் காருக்கு எண்டு வேண்டின சார்ஜர் பெட்டியைச் சுவரில பூட்டி, வயரெல்லாம் இறுக்கி, மூடியைப் போட்டுச் சுவிற்சையும் போட்டாச்சு, இனிப் பச்சை லைற் வரும் எண்டு நான், மனிசி, மகள், கரண்ட் வேலை செய்யிற தம்பி நாலு பேரும் போர்ட்டிக்கோவில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். ஒருக்கா நீலம் மினுக்கிச்சு. பிறகு சிவப்பு, மூண்டு தரம். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் சிவப்பு மூண்டு தரம். பெட்டியோட வந்த புத்தகத்தை விரிச்சால் மூண்டு தரம் சிவப்பு எண்டால் எர்த், அதாவது நிலத்துக்க அடிச்ச கம்பியோட இருக்கிற தொடுப்பு, காணாது எண்டு போட்டிருக்கு. ஆவணி மாசம், கிளிநொச்சி வட்டக்கச்சியில மழை கண்டு மாசக்கணக்கு, முத்தத்து மண் கல்லுப்போல கிடக்குது. அண்டைக்குத் தொடங்கின எர்த் வேலை முடிய மூண்டு கிழமை எடுத்தது. கார் வைச்சிருக்கிற ஆக்கள், வேண்டப்போற ஆக்கள் எனக்கு நடந்ததை ஒருக்கா வாசிச்சிட்டுச் செலவு செய்தால் காசு மிஞ்சும், அதுக்காகத்தான் முழுசா எழுதுறன்.

கார் பழைய நிசான் லீஃப், 24 கிலோவோற் மணி பட்டறி, ஜப்பானில ஓடிப்போட்டு இங்க வந்தது. 2022இல பெற்றோலுக்கு வரிசையில நிண்ட நாளுகளில மனசில விழுந்த எண்ணம் இது. ஜூன் கடைசியில 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் கிடைக்காது, அம்மாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கொண்டுபோக ரெண்டு நாள் முதலே கானோட போய் நிக்கவேணும். சண்டை நேரப் பொருளாதாரத் தடைக்காலத்தில கார்பரேற்றருக்க ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம் நாங்கள், எண்டாலும் வயசுபோன மனிசரை வைச்சுக்கொண்டு உப்பிடி நிக்கேலாது எண்டு முடிவெடுத்தன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் பூட்டித்தான் கிடந்தது, அதால இடையில பழைய காரும் நல்ல விலை. எனக்குக் கிடைச்சதில முன்னுக்குக் காட்டுற பட்டறிக் கட்டை பன்ரெண்டில ஒன்பதுதான் மிச்சம். ஏசி போட்டு ஓடினால் 85 கிலோமீற்றர், அதுக்கு மேல நம்பமாட்டன். வீட்டில இருந்து பரந்தன் பக்கம் நான் வேலை செய்யிற அரிசி ஆலைக்கும் மனிசின்ர பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நாளைக்கு 35 வரும். அதுக்குத் தாராளம். யாழ்ப்பாணம் போறதெண்டால் கிளிநொச்சியில இருந்தே ஒரு பாட்டம் 65 கிலோமீற்றருக்குக் கிட்ட, அங்க சொந்தக்கார வீட்டில செருகி வைச்சிட்டுத்தான் திரும்பலாம்.

காரோட வந்தது ஜப்பான் கேபிள். அந்த நாட்டு 200 வோல்ற் பிளக், தட்டைக் கம்பி, எங்கட சொக்கெட் ஒண்டுக்கும் போகாது. வித்த ஆள் அதை வெட்டிப்போட்டு 13 அம்ப் சதுரப் பின் பிளக் பூட்டித் தந்தவர். நானும் பூட்டிக் கிடந்ததுதானே எண்டு போர்ட்டிக்கோ சொக்கெட்டில செருகி ரெண்டு மாசம் ஓடினன். ஒரு நாள் சாமம் ஒண்டரை இருக்கும், மனிசி எழுப்புறா, என்னவோ எரியிற மணம் எண்டு. போய்ப் பிளக்கை இழுத்தால் வரேல்ல. மெயினை விழுத்திப்போட்டுத் துணி சுத்தி இழுத்தன், வலது பக்கத்து லைவ் பின் கறுத்துப் போச்சு, அதைச் சுத்தி வெள்ளைப் பிளாஸ்ரிக் தேத்தண்ணி நிறம், சொக்கெட்டின்ர ஓட்டை உருகி நீளமாப் போயிருந்தது. இவ்வளவுக்கும் பிளக்குக்க இருந்த 13 அம்ப் பியூஸ் உடையேல்ல!

அந்தப் பியூஸ் ஏன் உடையேல்ல எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் கனபேர் பியூஸ் இருக்குத்தானே எண்ட நம்பிக்கையில இருக்கினம். 13 அம்ப் பியூஸ் 14, 15 அம்புக்கு உடையிற சாமான் இல்லை, அது சோட் ஆனால் உடைக்கிறதுக்கு, கொஞ்சம் கூடப் போனால் சூடாகிக்கொண்டு மணிக்கணக்கா அப்பிடியே தாங்கும். கேத்தில் அஞ்சு நிமிசம், அயன் அரை மணித்தியாலம், அதுக்குப் பிறகு சொக்கெட் ஆறுது. கார் எண்டால் அஞ்சு ஆறு மணித்தியாலம் ஒரே இழுவை. பின்னுக்கும் சொக்கெட்டுக்கும் இடையில துளி இடைவெளி இருந்தாலும் அந்த இடம் சூடேறும், சூடேற ஸ்பிரிங் தளரும், தளரத் தளர இன்னும் சூடு. வீட்டில பிள்ளையள் படுத்திருக்க நடக்கிற வேலை இது. அண்டையோட 13 அம்ப் பிளக்கில முழு இழுவை போடுறதை விட்டன், தனி லைன் இழுத்துச் சுவர்ப் பெட்டி பூட்டுறது எண்டு முடிவு.

காசு எங்க? லண்டனில இருக்கிற தம்பியோட கதைக்கேக்க அவன் சொல்லுறான், அண்ணை இங்க அரசாங்கம் காசு தந்தது எண்டு. அங்க சொந்த வீட்டுக்காரருக்கு இருந்த திட்டம் 2022 மார்ச்சோட முடிஞ்சு, பிறகு வாடகைக்கும் ப்ளட்டிலயும் இருக்கிறவைக்கு எண்டு மாத்தினவை, செலவில முக்கால்வாசி, அப்ப ஆகக்கூட 350 பவுண். வேலை செய்யிற இடத்துக்கும் அப்ப அதேமாதிரி ஒரு சொக்கெட்டுக்கு 350, ஒரு நிறுவனத்துக்கு 40 சொக்கெட் வரைக்கும். அமெரிக்காவில இருக்கிற மச்சான் சொன்னது வேற மாதிரி: அங்க கையில காசு தாறேல்ல, வருமான வரியில கழிக்கிறது, வீட்டுக்கு எண்டால் செலவில 30 வீதம், உச்சம் ஆயிரம் டொலர், அதுவும் எல்லாருக்கும் இல்லை, வருமானம் குறைஞ்ச பகுதி அல்லது நகரம் இல்லாத பகுதியா இருக்கவேணும். 2025 ஜூலையில வந்த சட்டத்தோட அதுக்கும் முடிவுத் திகதி வைச்சிட்டினம், 2026 ஜூன் 30க்குப் பிறகு பூட்டினால் இல்லை. ஸ்காபரோவில இருக்கிற அக்காவுக்கு இந்த ரெண்டும் இல்லை, ஒன்ராறியோவில இருந்த சார்ஜர் உதவியை 2018இலயே நிப்பாட்டிப்போட்டினம். ஆனா 2023 மே மாசம் அங்க ஒரு இரவுக் கட்டணம் கொண்டுவந்தவை, இரவு 11 மணியில இருந்து விடிய 7 மணி வரைக்கும் அப்ப யூனிற் 2.4 சதம், கிழமை நாளில பின்னேரம் 4 தொடக்கம் 9 வரைக்கும் 24 சதம். பத்து மடங்கு வித்தியாசம். அக்கா பெட்டிக்குத் தன்ர காசுதான் குடுத்தவா, ஆனா மாசாமாசம் அந்த இரவுக் கட்டணத்தில திருப்பி எடுக்கிறா.

அக்கா சொன்னதுதான் எனக்கு விளங்கிச்சு. எனக்குச் செக் எழுதித் தாறதுக்கு ஆளில்லை, ஆனா மணிக்கூட்டில ஒரு சலுகை எங்களுக்கும் கிடக்குது, அதை எடுக்கிற ஆக்கள் குறைவு. மின்சாரசபையில வீட்டுப் பாவனைக்கே நேரத்துக்கு நேரம் விலை மாறுற கட்டணம் ஒண்டு இருக்கு, விரும்பினால் கேட்டு எடுக்கலாம், மீற்றரை மாத்தித் தருவினம். விடிய 5.30 தொடக்கம் பின்னேரம் 6.30 வரைக்கும் பகல், 6.30 தொடக்கம் 10.30 வரைக்கும் உச்சம், 10.30 தொடக்கம் விடிய 5.30 வரைக்கும் இரவு. 2022 ஆகஸ்ட்டில கட்டணம் கூட்ட முன்னம் இருந்த பட்டியலில இரவு யூனிற் 13 ரூபா, பகல் 25, உச்சம் 54. அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் ஏறி இறங்கிப்போச்சு, இப்பத்தைய விலையை உங்கட பில் குடுக்கிற இடத்தில கேளுங்கோ, ஆனா மணிக்கூட்டுக் கணக்கு அதேதான், இரவுதான் மலிவு.

என்ர கணக்கைச் சொல்லுறன். மாசம் 900 கிலோமீற்றர், சுவரில இருந்து எடுக்கிறது 150 யூனிற் சொச்சம், சார்ஜ் ஆகேக்க வீணாப் போறதும் சேத்து. அந்தப் பழைய விலையில இதை இரவில ஏத்தினால் 1,950 ரூபா, அதையே வேலையால வந்து ஆறரைக்குச் செருகினால் 8,100 ரூபா. கார் அதே கார், யூனிற் அதே யூனிற். சாதாரணக் கட்டணத்தில இருந்தாலும் கரைச்சல்தான், ஏனெண்டால் அது 30, 60, 90, 120, 180 எண்டு படி ஏறிப் போறது, எங்கட வீட்டுப் பாவனை 110, அதோட 150ஐப் போட்டால் 180ஐத் தாண்டி மேல் படிக்குப் போயிடும், கார் எடுக்கிற யூனிற்றில கூடின பங்கு மேல் படி விலையில விழும். பெற்றோல் கார் எண்டால் இதே ஓட்டத்துக்கு 64 லீற்றர், லீற்றர் 300 எண்டு உத்தேசமாப் போட்டாலும் மாசம் 19,000 ரூபாக்கு மேல போகும்.

ஒண்டை மறைக்காமச் சொல்லவேணும், நேரக் கட்டணம் எடுத்தால் வீடு முழுக்க அதுக்குக் கீழதான். பின்னேரம் ஏழு மணிக்கு அயன் போட்டால் உச்ச விலை. எங்கட வீட்டில தண்ணி மோட்டர், அயன், மிக்ஸி எல்லாம் விடியக்காலமைக்கு மாத்தினம், மனிசி இடியப்பத்துக்கு மா அவிக்கிறது விறகில எண்டபடியால் தப்பிச்சுது. முதல் மாசம் பழகேல்ல, பில் கூடத்தான் வந்தது. ரெண்டாம் மாசம் சரி. கார் இல்லாத, 60 யூனிற்றுக்க நிக்கிற வீடு இதை எடுக்கவே வேண்டாம், அந்த வீட்டுக்குக் கீழ்ப் படி விலைதான் லாபம். எங்கட வீட்டில மோட்டருக்கு எண்டு முதலே முப்பேஸ் 30 அம்ப் எடுத்திருந்தது, அது இந்த மீற்றர் மாத்தேக்க வசதியாப் போச்சு. உங்கட லைன் என்னெண்டு பாத்துக்கொண்டு போய்க் கேளுங்கோ.

பிறகு பெட்டி. கடையில எல்லாரும் 32 அம்ப், 7 கிலோவோற் எடு எண்டுதான் சொல்லுவினம். வேண்டாம் எண்டு நான் சொல்லுறன். பட்டறியை ஏத்திறது அந்தப் பெட்டி இல்லை, காருக்க இருக்கிற சார்ஜர்தான் ஏத்துது, பெட்டி செய்யிறது இவ்வளவு அம்ப் எடுக்கலாம் எண்டு காருக்குச் சொல்லுறதும், பிழை வந்தால் வெட்டுறதும் மட்டும்தான். என்ர லீஃபுக்க இருக்கிறது 3.3 கிலோவோற், 32 அம்ப் பெட்டி பூட்டினாலும் 14, 15 அம்புக்கு மேல எடுக்காது. இன்னொண்டு, இரவுச் சலுகை ஏழு மணித்தியாலம். 10 அம்பில வைச்சாலே ஏழு மணித்தியாலத்துக்க 16 யூனிற் ஏறும், எனக்கு ஒரு நாளைக்குத் தேவை ஆறோ ஏழோ, மூண்டு மணித்தியாலத்தில முடிஞ்சுபோகும். அதால அம்ப் மாத்தி வைக்கக்கூடிய 16 அம்ப் பெட்டி, லீஃபுக்குப் பொருந்துற ரைப் 1 கேபிள் பூட்டினதாப் பாத்து வேண்டினன், உள்ளுக்க 10இல வைச்சிருக்கிறன். எங்கட வீடு லைன் கடைசி, இரவு எட்டு மணிக்கு 209 வோல்ற், சாமம் 231, மீற்றர் பிடிச்சுப் பாத்தனான். உப்பிடி லைனில மெல்லமா இழுக்கிறதுதான் பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

வயரில மட்டும் கை இறுக்காதேங்கோ. வீட்டுக் கரண்ட் பிரியிற டிபி பெட்டியில இருந்து போர்ட்டிக்கோவுக்கு 22 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் ஒரு அம்புக்கு ஒரு மீற்றருக்கு 18 மில்லிவோல்ற் விழும், 15 அம்புக்குக் கணக்குப் பாத்தால் ஆறு வோல்ற் வழியிலயே போச்சு. 6 சதுர மில்லிமீற்றர் எண்டால் 7.3 மில்லிவோல்ற், ரெண்டரை வோல்ற்றோட முடியும். நாளைக்குப் பெரிய கார் வந்தாலும் சுவரை உடைக்கத் தேவையில்லை, பெட்டியையும் பிரேக்கரையும் மாத்தினால் காணும். நான் 6 போட்டு, தொடக்கத்தில 20 அம்ப் பிரேக்கர் வைச்சன். தண்ணி மோட்டர் ஒரு பேஸில, கார் வேற பேஸில.

டிரிப் சுவிற்சில நான் பிழை விடப் பாத்தன், கரண்ட் வேலை செய்யிற தம்பிதான் பிடிச்சவன். வீட்டில முதலே ஒரு ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சால் தானா விழுற சுவிற்ச், இருக்கு, 30 மில்லிஅம்ப், அதுக்குக் கீழயே இந்த லைனையும் எடுப்பம் எண்டன். அவன் அதின்ர முகத்தைக் கிட்டப் பிடிச்சுக் காட்டினான்: சின்னச் சதுரத்துக்க ஒரே ஒரு அலைக்கோடு. அது ரைப் ஏசி, அலையா வாற கசிவை மட்டும்தான் பிடிக்கும். காருக்க, அலையா வாற ஏசி கரண்டை ஒரே பக்கம் போற டிசி ஆக்கிற சாமான் இருக்கிறபடியால் டிசி கசிவு வரலாம், அது கொஞ்சம் போனாலே இந்த ரைப் ஏசிச் சுவிற்ச் மந்தமாப் போயிடும், பிறகு வீட்டில ஆருக்கும் கரண்ட் அடிச்சாலும் அது விழாமலே நிக்கலாம். குளிக்கிற அறை, தண்ணி மோட்டர், எல்லாத்துக்கும் காவலா இருக்கிற சுவிற்சை ஒரு கார் குருடாக்கிப்போடும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். வேண்டவேண்டியது ரைப் ஏ, அலைக்கோட்டுக்குக் கீழ இன்னொரு கோடு, அதில அரை அரையா மேடு கீறியிருக்கும். அதோட சார்ஜர் பெட்டிக்குள்ள 6 மில்லிஅம்ப் டிசி கசிவு பிடிக்கிற வசதி இருக்கோ எண்டும் பாக்கவேணும், இல்லாட்டி ரைப் பி வேணும், அது நெருப்பு விலை. என்ர பெட்டியில இருந்தது. ரைப் ஏ கிளிநொச்சியில எனக்குக் கிடைக்கேல்ல, கொழும்பில இருந்து பஸ்ஸில எடுப்பிச்சன். பழைய ஆர்சிசிபிக்கு மேலயே பிரிச்சு, காருக்குத் தனி ஆர்சிசிபி, தனிப் பிரேக்கர், இடி மின்னலுக்கு ஒரு சேர்ஜ் பாதுகாப்பு. ஐப்பசி கார்த்திகையில வன்னியில இடி இடிக்கிற இடி தெரியும்தானே.

இனி அந்தச் சிவப்பு லைற்.

எங்கட நாட்டில வீட்டுக்கு வீடு சொந்த எர்த், நிலத்துக்க அடிக்கிற கம்பிதான் எல்லாம். லண்டனில கனவீடுகளுக்கு எர்த் லைனோடயே வருமாம், நியூற்றல் அறுந்தால் காரின்ர உடம்பிலயே கரண்ட் நிக்கலாம் எண்டு அதுக்குத் தனிப் பாதுகாப்பு வைக்கவேணுமாம், லண்டன் தம்பி அதுக்கும் காசு கட்டினவன். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனா கம்பி நல்லா இருக்கவேணும். வீடு கட்டேக்க மேசனார் அடிச்சது நாலடிக் கம்பி ஒண்டு. கரண்ட் வேலைத் தம்பி எர்த்தை அளக்கிற மெகர் இரவல் வேண்டி வந்தான். கம்பியில இருந்து 20 மீற்றர் தள்ளி ஒரு முளை, அதுக்கு இடையில 12 மீற்றர் சொச்சத்தில இன்னொரு முளை, முழுத்தூரத்தில 62 வீதத்தில அடிக்கிறது அது, கைபிடியைச் சுத்தினால் 240 ஓம், இந்த எண் குறையக் குறையத்தான் எர்த் நல்லது. கணக்குப்படி 30 மில்லிஅம்ப் ஆர்சிசிபி 1,666 ஓம் வரைக்கும் விழத்தான் வேணும், தொட்டால் ஆபத்தில்லை எண்டு கணக்கில எடுக்கிற 50 வோல்ற்றை 0.03 அம்பால பிரிச்சால் அதுதான் வரும். ஆனா 200க்கு மேல போனால் அந்த எர்த் நிலையில்லாதது எண்டு கணிக்கிறது, இண்டைக்கு 240, இன்னும் ஒரு மாசம் காய்ஞ்சால் எங்க நிக்குமோ தெரியாது. பெட்டி சொன்னது சரி. அதை ஏமாத்தி ஓட விடுற செற்றிங் ஒண்டும் இருந்தது, எர்த் சோதனையை நிப்பாட்டலாம் எண்டு. ஒருத்தரும் அதைத் தொடாதேங்கோ.

எட்டடிக் கம்பி ரெண்டு வேண்டினம். முதலாவதைப் பழைய கம்பிக்குக் கிட்ட அடிக்கப் பாத்தால் மூண்டடிக்குக் கீழ கிறவல், சம்மட்டி துள்ளுது. கொஞ்சம் தள்ளி அலவாங்கால கிண்டேக்க இரும்பு தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. தம்பி 2003இல பிறந்தவன், நான் அவனுக்கு மூத்தவன், ரெண்டு பேரின்ர கையும் ஒரே நேரத்தில நிண்டுது. நாங்கள் 2010இல மீளக்குடியேறி வரேக்க கண்ணிவெடி எடுத்த காணிதான், சிவப்பு முளை எல்லாம் பிடுங்கிக் குடுத்த காணிதான், எண்டாலும் அந்தச் சத்தத்துக்கு எங்கட ஊரில ஒருத்தரும் ரெண்டாம் தரம் குத்தமாட்டினம். பிள்ளையை உள்ளுக்க போகச் சொல்லிப்போட்டு அந்த இடத்தை அப்பிடியே விட்டன், அயலில கண்ணிவெடி வேலை செய்த அண்ணை ஒராளைக் கூப்பிட்டுக் காட்டினன். அவர் குப்புறப் படுத்துக் கையால மண்ணைத் தள்ளித் தள்ளிப் பாத்தார், அரை மணித்தியாலம் ஒரு கதையும் இல்லை. பழைய கூரைத்தகரத் துண்டு, பங்கருக்கு மேல போட்டதா இருக்கும். எடுத்துத் தந்துபோட்டுப் போனார். நிலத்தைக் கிண்டுற வேலை எண்டால் சந்தேகம் வந்த இடத்தில நில்லுங்கோ, எர்த் வேற இடத்திலயும் அடிக்கலாம்.

வேற இடம் காட்டினது மனிசி. கிணத்தடியில குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணி முழுக்க வாய்க்காலால வாழைப்பாத்திக்குத்தான் போறது, வருசம் முழுக்க அந்த மண் ஈரம், கால் வைச்சால் புதையும். எர்த்துக்கு ஈரம்தானே வேணும், அங்க அடியுங்கோவன் எண்டா. நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாளா வீட்டுச் சுவரோட மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டிருக்கிறம்! வாழையடியில எட்டடிக் கம்பி அரை மணித்தியாலத்தில முழுசா இறங்கிச்சு. ஆக்கள் உப்பும் கரியும் கொட்டச் சொல்லிச் சொன்னவை, உப்பு நான் போடேல்ல, அது மழைக்குக் கரைஞ்சு போயிடும், போறதுக்கு முன்னம் கம்பியையும் தின்னும், வாழைக்கும் கூடாது. அதுக்குப் பதிலா இரணைமடு வாய்க்கால் துப்புரவாக்கேக்க அள்ளிப் போட்ட களிமண் றோட்டுக்கரையில கிடந்தது, கேட்டு ரெண்டு உரப்பை கொண்டுவந்து, கம்பியைச் சுத்தி ஒரு முழக் கிடங்கு வெட்டி, தண்ணி விட்டுக் குழைச்சு இறுக்கினம். அந்தக் களி பிடிச்ச ஈரத்தை விடாது. ஒரு கம்பியோட மெகர் 31 ஓம் காட்டிச்சு. ரெண்டாம் கம்பியைப் பாத்தியின்ர மற்ற அந்தத்தில, அஞ்சு மீற்றர் தள்ளி அடிச்சு ரெண்டையும் தொடுத்தம், கிட்டக் கிட்ட அடிச்சால் பிரயோசனமில்லை, கம்பி நீளத்தைப்போல ரெண்டு மடங்காவது விடவேணும். 17 ஓம். வாழையடியில இருந்து டிபிக்குப் பச்சை மஞ்சள் வயர், 16 சதுர மில்லிமீற்றர், குழாய்க்குள்ளால, ரெண்டடி ஆழத்தில. மண்வெட்டி படக்கூடாது எண்டு மேல ஓட்டுத் துண்டுகள் பரவி மூடினன்.

சுவிற்சைப் போட்டன். நீலம், பிறகு பச்சை. மகள்தான் முதல் கத்தினவள்.

காருக்க இருக்கிற நேரம் போடுற மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. மகள் போனைப் பிடிச்சு மொழிபெயர்த்து இரவு 11 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு நிப்பாட்டுறமாதிரி வைச்சுத் தந்தவள். பத்தரைக்கே வைக்கலாம், ஆனா கார் மணிக்கூடும் மீற்றர் மணிக்கூடும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதோட லீஃப் பட்டறிக்குக் குளிர்விக்கிற ஏற்பாடு ஒண்டும் இல்லை, பகல் வெயிலில ஓடின சூடு ஆறுறதுக்கும் நேரம் வேணும். கதவை மூடிப்போட்டு ஆறரைக்கே கேபிளைச் செருகி விடுறன், கார் பதினொண்டு வரைக்கும் பேசாம நிக்குது.

செலவில கூடின பங்கு பெட்டிக்கும் வயருக்கும்தான் போச்சு. எர்த் கம்பி ரெண்டு, எர்த் வயர், ரைப் ஏ சுவிற்ச் இதெல்லாம் சேத்தும் பெட்டி விலையில பாதி வரேல்ல. ஆனா ஆக்கள் முதல் விடுறது அதைத்தான், கண்ணுக்குத் தெரியாததுதானே எண்டு. என்னட்டை ஆரும் கேட்டால், எங்கட பகுதிக்கு ஒரு உதவித் திட்டம் கொண்டுவாறதெண்டால் பெட்டிக்குத் தரவேண்டாம், எர்த்துக்கும் ரைப் ஏ சுவிற்சுக்கும் அதைச் சோதிச்சுத் தாற ஆளின்ர கூலிக்கும் தாங்கோ எண்டு சொல்லுவன். பெட்டியைச் சனம் எப்பிடியும் கடன்பட்டாவது வேண்டும். அமெரிக்காவில நகரம் இல்லாத பகுதியளுக்கும் வருமானம் குறைஞ்ச பகுதியளுக்கும் எண்டு வைச்சவை, அந்தச் சட்டத்தை இங்க கொண்டுவந்து வைச்சால் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும்தான் முதல் நிக்கும். ஏ9இல வவுனியாவில இருந்து கிளிநொச்சி வரைக்கும் 75 கிலோமீற்றருக்குக் கிட்ட, பழைய பட்டறிக்கு ஒரு மூச்சு ஓட்டம் அது. அந்த வழியில வீடுகளும் ஆலைகளும் நல்ல எர்த்தோட ஒவ்வொரு சொக்கெட் வைச்சிருந்தாலே எத்தினை பேருக்கு உதவி.

ஆலையிலயும் ஒண்டு பூட்டினம். முதலாளியிட்ட கேக்கேக்க நான் உதவி செய்யுங்கோ எண்டு கேக்கேல்ல, பில்லைக் கொண்டுபோய் வைச்சுக் கதைச்சன். ஆலை மாதிரிப் பெரிய இணைப்புக்கு யூனிற் விலையும் இதே மூண்டு நேரமாத்தான் பிரியுது, அதுக்கு மேல கேவீஏ கட்டணம் எண்டு ஒண்டு, மாசத்தில எந்தப் பதினைஞ்சு நிமிசத்தில ஆகக்கூட இழுத்தியளோ அதுக்கு மாசம் முழுக்கக் காசு. குத்துற மோட்டர், நெல் ஏத்துற எலிவேற்றர் எல்லாம் ஓடுற நேரத்தில காரையும் செருகினால் அந்த உச்சம் ஏறிப்போகும், ஒரு நாள் செய்தாலும் மாசப் பில்லில விழும். ஆனா மத்தியானம் பன்ரெண்டு தொடக்கம் ஒண்டரை வரைக்கும் மோட்டர் ஓய்வு, கூரையில சோலார் அந்த நேரம்தான் கொட்டுது. 2025 சித்திரை வருசப்பிறப்பு லீவில பாவனை குறைஞ்சு வெயில் கூடிப்போய்ப் பகலில கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு கேட்டவையெல்லே. அப்பிடி வாங்க ஆளில்லாத வெயிலைக் காருக்க விடலாம்தானே எண்டு முதலாளியே சொன்னார். இப்ப சாப்பாட்டு நேரத்தில என்ர கார், ரெண்டு பிள்ளையளின்ர மின்சார ஸ்கூட்டி, மூண்டும் அங்க நிக்குது. சொக்கெட்டுக்கு ஒரு ரைமர் போட்டு 12க்கு வந்து 1.20க்குப் போறமாதிரி வைச்சிருக்கு, மறந்துபோய் மோட்டரோட சேந்து ஓடக்கூடாது எண்டு. ஸ்கூட்டிப் பிள்ளையள் ரெண்டு பேரும் முதல் கிழமை கேட்டவை, சம்பளத்தில வெட்டுவினமோ அண்ணை எண்டு. இல்லை எண்டு முதலாளி அவையின்ர முகத்துக்கு நேர சொன்னவர்.

மிச்சம் இருக்கிறது ஒரு வேலை. போன ஆவணி 17 ஓம் இருந்த எர்த்தை மார்கழி மழைக்க ஒருக்கா அளந்தம், 9 காட்டிச்சு. இந்த முறை ஆவணியில திரும்ப மெகர் இரவல் எடுத்து அளக்கவேணும், கரண்ட் வேலைத் தம்பிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன். அதுவரைக்கும் கிணத்தடித் தண்ணியை வேற பக்கம் திருப்பக்கூடாது எண்டு வீட்டில சொல்லியிருக்கு, வாழை இப்ப ரெண்டு குலை தள்ளியிருக்குது.